பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணையும் டி.வி.: பராமரிப்பு இல்லத்தில் செட்டாப் பாக்ஸ் அனுபவம்

தம் தந்தையைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கவிருக்கும் நண்பர் ஒருவர், என் அம்மாவின் அறையில் இருக்கும் அதே செட்டாப் பாக்ஸை அவருக்கும் வாங்கலாமா என்று கேட்டார். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. அந்தப் பெட்டி அம்மாவின் அறைக்கு வந்து நெடுநாளாகிறது. படத்தின் தெளிவிலோ சேனல்களிலோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்க்கும் வசதியோ, இல்லத்து வாழ்க்கைக்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. குளியல், உடற்பயிற்சி, மருத்துவரின் வருகை எதுவும் அங்கே அம்மாவின் விருப்பப்படி நடப்பதில்லை. தொடரின் நடுவில் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றுவிட்டாலும் மாலையில் விட்ட இடத்திலிருந்து பார்த்துக்கொள்கிறார்.

இவ்வளவு நன்மைகளுக்கு நடுவே ஒரே ஒரு எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. அந்தப் பெட்டி தானாகவே அணைந்துவிடுகிறது.

அம்மா ஒரே சேனலைப் பார்ப்பவர். காலையில் பராமரிப்பாளர் அதைப் போட்டுவிட்டுப் போனால், அதன் பிறகு ரிமோட்டைத் தொடவேண்டிய தேவையே அவருக்கு வருவதில்லை. பெட்டியோ, நீண்ட நேரம் எந்தப் பட்டனும் அழுத்தப்படாவிட்டால், பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டார் என்று கருதிக்கொள்கிறது. பல டி.வி.களிலும் இதே ஏற்பாடு உண்டு. கடைசியாக ரிமோட்டைத் தொட்டதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் டி.வி. தானாக அணைய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டிலேயே விதி கொண்டுவந்தது. மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்ற அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆளில்லாத கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. அணையத்தான் வேண்டும். ஆனால் படுக்கையிலிருந்து துணையின்றி எழ முடியாத ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது அணைவதை என்னால் ஏற்க முடியவில்லை. அணைவதற்கு முன் திரையின் ஓரத்தில், தொடர்ந்து பார்க்க ஏதேனும் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி ஓர் அறிவிப்பு வருகிறது. படுக்கையிலிருந்து பார்த்தால் அந்த எழுத்து அம்மாவுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், மூட்டுவாதம் பிடித்த விரல்களால் போர்வைக்குள் கிடக்கும் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் திரை கறுத்துவிடும். கூப்பிடு மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு உள்ள மணியை டி.வி.க்காக அழுத்துவது முறையில்லை என்று சொல்லிவிட்டு, யாராவது தற்செயலாக உள்ளே வரும்வரை அவர் அப்படியே படுத்திருப்பார். எனக்கு மனம் பொறுக்காதது இந்த இடம்தான்.

தொடக்கத்தில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. ரிமோட்டின் பவர் பட்டன் டி.வி.க்கும் பெட்டிக்கும் சேர்த்தே கட்டளை அனுப்பும். அணைப்பதற்கும் போடுவதற்கும் ஒரே கட்டளைதான். பெட்டி மட்டும் தானாக அணைந்து டி.வி. விழித்திருக்கும் நேரத்தில் அந்தப் பட்டனை அழுத்தினால், பெட்டி உயிர்பெறும், டி.வி. அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் நேர்மாறாக நடக்கும். ஷிப்டுக்கு ஷிப்டு மாறும் பராமரிப்பாளர்களிடம் இதை விளக்கி மாளாது. பவர் பட்டன் பெட்டிக்கு மட்டும் வேலை செய்யும்படி ரிமோட்டை மாற்றி அமைத்து, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பெட்டியே டி.வி.யைப் போடவும் அணைக்கவும் செய்யும் சிஇசி வசதியை இயக்கிய பிறகு அந்தக் குழப்பம் அடியோடு ஒழிந்தது. இதே பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் செய்யவேண்டிய வேலை இது.

அம்மாவின் கட்டைவிரல் ஒலியைக் கூட்டும்போது வழுக்கிப்போய், டி.வி. எந்த இணைப்பிலிருந்து படத்தை எடுக்க வேண்டும் என்பதை மாற்றும் சோர்ஸ் பட்டனில் விழும். உடனே ‘சிக்னல் இல்லை’ என்று திரை நீலமாகிவிடும். ரிமோட்டைத் திறந்து, அந்த ரப்பர் பட்டனுக்கு நேர் கீழே சர்க்யூட் போர்டில் இருக்கும் தொடுபுள்ளியின் மேல் சிறு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். பட்டன் அமுங்குகிறது, ஆனால் எதுவும் நடப்பதில்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவரிடமும் இதே பெட்டி இருந்ததால், அவருடைய ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் தெறித்து அம்மாவின் சேனலை மாற்றிய காலமும் உண்டு; பெட்டியின் ரிமோட்டுகளைப் புளூடூத்துக்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் வழி கிடைத்தது, தானாக அணைவதற்கு மட்டும் நிரந்தர வழி கிடைக்கவில்லை. செட்டிங்ஸில் அதை நிறுத்திவைக்க இடம் இருக்கிறது, நானும் நிறுத்துகிறேன். சில காலம் நிம்மதியாக ஓடும். பிறகு இரவில் ஏதோ ஒரு மென்பொருள் அப்டேட் வரும். அந்த அமைப்பு பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். சேவை நிறுவனத்திடம் பலமுறை முறையிட்டும், மறுபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே பதிலாக வருகிறது. அடுத்த முறை நான் போய்ப் பார்க்கும்வரை அம்மா கறுத்த திரையைப் பார்த்துக் கிடக்க வேண்டும் என்பதே அந்தப் பதிலின் பொருள் என்று அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறக்கம் கெடாமலிருக்க வாங்கிய கம்பியில்லா ஹெட்போன் அம்மாவின் நாட்களையே மாற்றிவிட்டது. முதலில் வாங்கிய புளூடூத் ஹெட்போனில் உதட்டசைவுக்குப் பின்தங்கி ஒலி வந்தது. ஒலி 125 மில்லி விநாடிக்கு மேல் பிந்தினால் கண்டுபிடித்துவிட முடியும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. செவி மங்கியதால் உதட்டையும் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவருக்கு அந்தத் தாமதம் பெரும் இடைஞ்சல். டி.வி.யின் ஆடியோ அவுட்டில் ஒலியை அனுப்பும் தனிக் கருவி ஒன்றைச் செருகி, புளூடூத் அல்லாத வேறு வகை ரேடியோ அலை வழியே இயங்கும் ஹெட்போனுக்கு மாறியதும் தாமதம் தெரியவில்லை. வயதானால் முதலில் தேய்வது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் என்பதால் மெய்யெழுத்துகள் கலங்கிவிடும். காதோடு காதாக ஒலி வந்ததும், சரிவரக் கேட்காததாலேயே அம்மா ஒதுக்கி வைத்திருந்த செய்திகளை மறுபடி பார்க்கத் தொடங்கினார். என்னிடம் அவற்றைப் பற்றி வாதமும் செய்கிறார்.

ஆகவே நண்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: ஹெட்போனை இன்றே வாங்குங்கள், அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். இல்லத்தின் பொது இணைப்பை நேரடியாக ஏற்கும் டியூனர் உள்ள டி.வி. ஒன்றை எடுத்து, தானாக அணையும் அமைப்பை நிறுத்திவிட்டு, வைஃபையோடு இணைக்காமல் விடுங்கள். இணைப்பு இல்லையென்றால் இரவோடு இரவாக இணையம் வழியே எந்த அப்டேட்டும் வந்து அதை மாற்றாது. பதிவு வசதி உங்கள் தந்தைக்குக் கிடைக்காது, அது இழப்புதான். அம்மாவுக்கும் அந்த இழப்பு வரப்போகிறது; சந்தாக் காலம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன், தொடர் போனால் போகட்டும், திரை அணையாமல் இருந்தால் போதும் என்றார்.