போர்வையா, கோவணமா, பைஜாமாவா?

இடது தோள்பட்டை இறுகிப்போய், கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்டவே முடியாமல் ஆனபோது, டாக்டர் உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தார். "வேணும்னா மசாஜும் செஞ்சுக்கலாம்" என்றார். வலியைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: எதையெல்லாம் கழற்றச் சொல்வார்கள்? இதை யாரிடம் போய்க் கேட்பது? ஒரு வருஷத்தில் சென்னைக்குள்ளேயே ஸ்வீடிஷ், கேரளம், தாய்லாந்து என்று மூன்று வகை மசாஜும் பார்த்தாகிவிட்டது. எந்த மசாஜ் எந்த வலிக்கு என்று நான் சொல்லப் போவதில்லை. கூச்சப்படுகிறவளுக்கு எது தோது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் போனது நுங்கம்பாக்கம் பக்கம், ஸ்வீடிஷ் மசாஜ். இதில் உடம்பு முழுக்கப் போர்வை. பிடித்துவிடும் இடம் மட்டும்தான் வெளியே தெரியும். இதை டிரேப்பிங் என்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது மசாஜ் உரிம விதிகளிலேயே இருக்கிறது. "நான் வெளியே நிக்கிறேன் அக்கா. குப்புறப் படுத்துப் போர்வைய இழுத்துக்கிட்டுக் குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது தட்டிவிட்டுத்தான் வந்தாள். காலுக்கு வந்ததும் போர்வையை மடித்து, ஓரத்தை மற்றத் தொடைக்கு அடியில் செருகினாள். அந்தச் செருகலில்தான் தொழிலே இருக்கிறது. ஓரம் இறுக்கமாக நின்றால், என்ன அழுத்தினாலும் துணி நகராது. படுத்திருப்பவள் அதை நினைக்கவே மாட்டாள். மல்லாந்து படுக்க வேண்டிய நேரத்தில், போர்வையின் ஒரு ஓரத்தைத் தன் தொடையால் மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு ஓரத்தைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் சுவர்ப் பக்கம். நான் உள்ளேயே புரண்டு படுத்தேன்.

இதே ஸ்வீடிஷ் மசாஜை இன்னொரு இடத்தில் சலுகை விலையில் எடுத்தேன். நான் உடை மாற்றும்போது அந்த அம்மா அறையிலேயே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை என்று கொடுத்தது முகம் துடைக்கும் துண்டைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகை மூடினால் கால் குளிரும், காலை மூடினால் முதுகு. ஏசி வேறு பதினெட்டில். ஒரு மணி நேரமும் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டே கிடந்ததில், தோள் போகும்போது இருந்ததைவிட இறுகித்தான் வந்தது.

அடுத்தது திருவான்மியூரில் கேரள முறை, அப்யங்கம் என்கிற எண்ணெய் மசாஜ். நான் மிரண்டது இங்கேதான். உள்ளே நுழைந்ததும் ஒரு நாடாவும் ஒரு முழம் துணியும் கொடுத்தார்கள். கோவணமேதான். இங்கே ஏன் போர்வை இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் கிண்ணம் கிண்ணமாக ஊற்றப்படுகிறது. இரண்டு பேர் இரு பக்கமும் நின்று தோளில் ஆரம்பித்துப் பாதம் வரை ஒரே இழுப்பில், ஒரே தாளத்தில் உருவுகிறார்கள். நடுவில் துணி கிடந்தால் கை தட்டும், எண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டும். படுக்க வைக்கும் மரத்தொட்டியும் (துரோணி என்பார்கள்) வழுக்கும். சரி, காரணம் புரிந்தது, கூச்சம் போகவில்லையே.

ஆனால் அந்த இரண்டு சேச்சிகளும் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்தே நாடாவைக் கட்டிவிட்டார்கள். பெண்களுக்குப் பெண்கள்தான், அதில் அங்கே பேச்சே கிடையாது. படுத்த பிறகு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஊர்க்கதை. பத்து நிமிஷத்தில் கோவணம் மறந்துபோனது. துணியின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இது கடைசி. நடந்துகொண்ட விதத்தில் அந்தத் துண்டுக்காரர்களை எங்கேயோ விட்டுவிட்டது.

ஆண்களுக்குக் கூச்சமே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். என் கணவர் இதே முறைக்கு வேறோர் இடத்துக்குப் போனார். கோவணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "கட்டிக்கிட்டு வாங்க சார்" என்று போய்விட்டார்கள். எது முன்பக்கம் என்று தெரியாமல் மனுஷர் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். கேட்க வெட்கம்.

தாய்லாந்தின் தாய் மசாஜ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தளர்வான பைஜாமாவும் மேல்சட்டையும் கொடுப்பார்கள். தரையில் மெத்தை, எண்ணெய் கிடையாது. 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய கலை. முழு உடையோடு இருப்பதால் கூச்சக்காரர்களுக்கு இதுதான் பத்திரம் என்பார்கள். பாதிதான் உண்மை. முழங்காலால் முதுகை அழுத்துவதும், காலால் தொடையை மிதிப்பதும், கையைப் பின்னால் இழுத்து வில்லாக வளைப்பதுமாக, மூன்றிலும் உடம்போடு உடம்பு அதிகம் நெருங்குவது இதில்தான். கையை இழுக்கும்போது மேல்சட்டை ஏறிக்கொள்ளும். உள்ளே ஒரு பனியனோ ஷிம்மியோ போட்டுக்கொள்வது நல்லது.

துணி எல்லாம் சரியாக இருந்து, மேலே கேமரா இருந்தால்? 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் சிசிடிவி வைக்கச் சொன்னார். அடுத்த மாதமே மதுரைக் கிளையின் இன்னொரு நீதிபதி, ஸ்பாவுக்குள் கேமரா என்பது அந்தரங்க உரிமையைப் பறிப்பது என்று தீர்ப்பளித்தார். நான் இரண்டாமவர் கட்சி. முன்பதிவு செய்யும்போதே கேமரா எதுவரை, பிடித்துவிடுவது ஆணா பெண்ணா, என்ன உடுத்தத் தருவீர்கள் என்று மூன்றையும் கேட்டுவிடுகிறேன். இதற்கு நெளிகிற இடத்துக்கு நான் போவதில்லை.

இவ்வளவு அலைந்த பிறகுதான் எனக்கு அந்த ஆயா ஞாபகம் வந்தது. முதல் பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருந்தபோது எண்ணெய் தேய்த்துவிட வருவார். உள்பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி மணையில் உட்கார வைப்பார். முதுகுக்கு வரும்போது முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தி, வேலை முடிந்ததும் அவரே இறுக்கிவிடுவார். ஒரு நாளும் "அவிழ்" என்று சொன்னதில்லை. ஆற்றிலும் குளத்திலும் நம் பெண்கள் குளித்ததும் இப்படிக் கட்டிக்கொண்டுதானே.

திருவான்மியூருக்குப் போன் போட்டு, "என் பாவாடையைக் கொண்டு வரலாமா?" என்றேன். சிரித்தார்கள். "ஒரே இழுப்பா உருவ முடியாது, பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன். குப்புறப் படுத்ததும் சேச்சி முடிச்சைத் தளர்த்தி இடுப்புவரை இறக்கினார். முதுகு முடிந்ததும் ஏற்றிக் கட்டினார். இடுப்பில் கை நின்று போவது தெரிகிறதுதான். தாளம் கொஞ்சம் உடைகிறது. எனக்கு அந்தப் பேரம் சரிப்படுகிறது. பழகினவர்களுக்குக் கோவணமே மேல். புதிதாகப் போகிறவர்களுக்கு, தட்டிவிட்டு உள்ளே வரும் பெண் கிடைத்தால் போர்வை.

பாவாடையில் ஏறிய எண்ணெய் வாடை எந்தச் சோப்புத்தூளுக்கும் போகவில்லை. தனிக் கவரில் போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், யாராவது கரித்துணிக்கு எடுத்துவிடப் போகிறார்களே என்று.