லஞ்சிங்கில் எதைப் பூட்டுவது: சைடு ரெயினா, சாம்போனா, பெசோவாவா?

ரேஸ் ஓடி ஓய்ந்து சவாரிப் பள்ளிக்கு வரும் தாரோபிரெட் இனக் குதிரையை முதல்முறை லஞ்சிங் செய்து, அதாவது நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு, பாருங்கள். தலை மேலே, முதுகு குழிந்து, பின்கால்கள் எங்கோ பின்னால் இருக்கும். வாயில் இழுவை வந்தால் அதன்மேல் சாய்ந்து ஓட்டத்தைக் கூட்டத்தான் அது இத்தனை நாள் பழகியிருக்கிறது. இந்தக் குதிரைக்கு எதைப் பூட்டுவது என்று கேட்டால் லாயத்துக்கு லாயம் பதில் மாறும். கருவிகளை எடைபோட ஒரு கேள்வி போதும்: குதிரை சரியாகச் செய்த அதே நொடியில் இது தளர்கிறதா? தளர்வுதான் குதிரைக்குக் கிடைக்கும் பதில். அது இல்லாத கருவி எதையும் கற்றுக்கொடுக்காது, கட்டி மட்டும் வைக்கும்.

முதலில் அடித்தளம். கயிற்றை பிட்டில் (வாய்க்குள் வைக்கும் கடிவாளத் துண்டு) மாட்டுவதைவிட கேவசனில் (மூக்குப்பட்டையில் வளையம் வைத்த தலைக்கச்சு) மாட்டுவது எல்லா வகையிலும் மேல். உள்பக்க பிட் வளையத்தில் மாட்டினால் ஒவ்வொரு இழுப்பிலும் பிட் வாய்க்குள் குறுக்கே நகரும். உச்சந்தலை வழியாகச் சுற்றி மாட்டினால் பிட் உதட்டோரத்தை மேலே இழுக்கும். கேவசனின் மூக்குப்பட்டை கன்ன எலும்பின் முகட்டுக்கு இரண்டு விரல் கீழே உட்கார வேண்டும். தாடைப்பட்டையை இறுக்கமாகக் கட்டுங்கள். அது தளர்ந்திருந்தால் கயிறு இழுபடும்போது கேவசன் முழுதும் திரும்பி, வெளிப்பக்கக் கன்னப்பட்டை கண்ணில் ஏறும்.

வட்டத்தின் அளவும் ஒரு கருவிதான். விநாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் ட்ராட் (மித ஓட்டம்) போகும் குதிரை 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் சுமார் 7 பாகை உள்ளே சாய வேண்டியிருக்கும். 10 மீட்டர் வட்டத்தில் அதே வேகத்துக்கு 14 பாகை. சாய்வு இரட்டிப்பானால் உள்பக்கக் கால்களின் மூட்டுகளுக்கு வேலை கூடுகிறது, குதிரை தோளில் விழுகிறது, அதைச் சரிக்கட்டத் தலையைத் தூக்குகிறது. பலர் கருவியால் தீர்க்கப் பார்க்கும் கோளாறு, சின்ன வட்டம் உண்டாக்கியதாகவே இருக்கும். 8 மீட்டர் கயிறு வைத்துக்கொண்டு, நீங்களும் நடுவில் ஒரு சிறு வட்டம் நடந்தால் 20 மீட்டர் கிடைக்கும். கையுறை போடுங்கள், கயிற்றை மடித்துப் பிடியுங்கள், ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள்.

இனி சைடு ரெயின். முதுகையும் நெஞ்சையும் சுற்றிக் கட்டும் ரோலரின் பக்க வளையத்திலிருந்து பிட் வரை நேராக ஓடும் பட்டை. தோள்முனை உயரத்தில் மாட்டுவார்கள். குதிரையின் முகம் செங்குத்துக் கோட்டுக்கு ஒரு கையகலம் முன்னால் நிற்கும் நீளமே சரி. இரு பக்கமும் ஒரே துளை எண். உள்பக்கத்தை ஒரு துளை குறைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதனால் கழுத்து மட்டுமே வளையும், உடல் வளையாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இதில் மூன்று வகை: முழுத்தோல், ரப்பர் வளையம் வைத்தது, எலாஸ்டிக் வைத்தது. எலாஸ்டிக் மென்மையானது, ஆகவே நல்லது என்று வாங்குகிறார்கள். ட்ராட்டில் ஓர் எட்டுக்கு (நான்கு கால்களும் ஒருமுறை எடுத்துவைக்கும் சுற்றுக்கு) இரண்டு முறை ரெயினில் இழுவை ஏறி இறங்கும். முழுத்தோலில் அது சட்டென ஏறி, நடுவில் அறவே தொய்ந்துவிடும். எலாஸ்டிக்கில் உச்சம் மழுங்கும், ஆனால் தொய்வு கிட்டத்தட்ட வராது. எந்நேரமும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேயிருக்கும். அதோடு, குதிரை முட்டித் தள்ளினால் எலாஸ்டிக் நீண்டு கொடுக்கிறது. வாயில் சாயும் ரேஸ் குதிரைக்கு இது ‘இழு, கிடைக்கும்’ என்ற பாடம். முழுத்தோல் அப்படிக் கற்றுக்கொடுக்காது. குதிரை தாடையை விட்டுக்கொடுத்ததும் தொய்கிறது. ஆனால் தலையை உதறும் குதிரையின் வாயில் அது அடியாக விழும். ரப்பர் வளையம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வளையம் கனமாக இருந்தால் ட்ராட்டில் ஆடி பிட்டைத் தட்டும், அதனால் இலேசானதைத் தேடுங்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். மாதம் ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிட்டு, ஒரே நீளத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

எந்த வகையானாலும், 10 நிமிடம் சூடேறிய பிறகே மாட்ட வேண்டும். நடைக்குக் கழற்றிவிடுங்கள்: நடக்கும்போது குதிரையின் தலை முன்னும் பின்னும் தாராளமாக ஆடியாக வேண்டும், சைடு ரெயின் அதை அடைத்துவிடும். குதிரையை மைதானத்துக்கு நடத்திப் போகும்போதும் மாட்டக் கூடாது.

முக்கோண ரெயின், வியன்னா ரெயின் என்ற பெயர்களில் வருபவை பிட் வளையத்தின் ஊடாக வழுக்கி மீண்டும் ரோலருக்கே திரும்புகின்றன. சைடு ரெயின் ஒரே நீளத்தில் நிறுத்தும் இடத்தில், இவை கழுத்தை முன்னும் கீழும் நீட்ட வழிவிடும். இரு முனைகளையும் பக்கவாட்டில் மாட்டும் முறை சாந்தமானது. ஒரு முனை முன்னங்கால்களுக்கு இடையே போகும் முறையில் கீழிழுப்பு கூடுதல். ஒரு துளை அதிகம் குறைத்தாலும் முகவாய் மார்பை நோக்கி மடங்கிவிடும்.

தலைதூக்கிக் குதிரைக்கு என் தேர்வு சாம்போன். வயிற்றுப்பட்டையிலிருந்து முன்னங்கால்களுக்கு இடையே வரும் பட்டை மார்பருகே இரண்டு கயிறாகப் பிரிந்து, காதுகளுக்குப் பின்னால் உள்ள உச்சிப்பட்டையின் வளையங்கள் வழியே இறங்கி பிட்டில் முடியும். தலை உயர்ந்தால் உச்சியிலும் உதட்டோரத்திலும் அழுத்தம். தலை இறங்கியதும் கயிறு வளையத்தில் வழுக்கித் தொங்கும்; பக்கத்தில் நின்றால் கழுத்தோரம் அந்தத் தொய்வு ஆடுவது கண்ணுக்கே தெரியும். விடை சரியானால் அறவே எதுவும் இல்லை, இதைவிடத் தெளிவாகப் பேசும் கருவி வேறில்லை. பிரெஞ்சுக் குதிரைப்படை மரபில் வந்தது இது.

அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. அழுத்தம் என்ன கேட்கிறது என்று புரியாத குதிரை இன்னும் மேலே முட்டும், அழுத்தம் இன்னும் ஏறும், முன்னங்கால் தூக்கி நின்றுவிடும், பின்னால் விழவும் செய்யும். ஆகவே முதல் நாள் ஓடவே விடாதீர்கள். நின்ற இடத்தில் கயிற்றைக் கையால் இலேசாக அழுத்தி, தலை ஓர் அங்குலம் இறங்கினாலும் விடுங்கள். அது புரிந்த பின், இயல்பாக நிற்கும் தலையில் கயிறு படாத நீளத்தில் தொடங்கி, இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று துளை குறைத்தால் போதும். ட்ராட்டில் மட்டும், முதலில் 10 நிமிடம், பின்னர் 20. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றம். ஏறிச் சவாரி செய்யும்போது சாம்போன் கூடவே கூடாது.

சாம்போனின் குறை, மூக்கை முன்னால் நீட்டுவதை அது தடுக்காது, பின்கால்களைக் கூப்பிடவும் செய்யாது. தலை தாழ்ந்து, எடை முழுதும் முன்தோளில் விழுந்து, கால் இழுத்து ஓடும் குதிரைகள் பல. சாட்டையால் தொடைப்பக்கம் நோக்கி நினைவூட்டி, பின்குளம்பு முன்குளம்பின் தடத்தில் விழும்படி நடையைக் காக்க வேண்டும். மணலில் தடத்தைக் குனிந்து பாருங்கள், ஒளிவுமறைவு கிடையாது. தெ கோக் என்பது சாம்போனின் தம்பி. கயிறு பிட்டில் முடியாமல் அதன் வளையம் வழியாக மார்புக்கே திரும்பி உச்சி, வாய், மார்பு என முக்கோணத்தை மூடுகிறது. மூக்கு நீட்டுவதும் அடங்கும். இரண்டாம் கட்டத்துக்கு நல்லது.

பெசோவா, பிரேசில் நாட்டுத் தாண்டோட்ட வீரர் நெல்சன் பெசோவாவின் பெயரில் வருவது. மென்பட்டையிட்ட கயிறு பின்தொடையைச் சுற்றி, ரோலரின் கப்பிகள் வழியே பிட்டுக்குப் போகிறது. பின்கால்களைக் கூப்பிட ஒரு வழி இருக்கிறது, சாம்போனில் இல்லாதது. ஆனால் பின்கால் நகரும் ஒவ்வொரு முறையும் அதே கயிறு வாயை இழுக்கிறது. குதிரை வாயைக் கொடுத்தாலும் பின்காலின் அடுத்த அசைவு அதை மறுபடி பிடுங்கும். தளர்வு அதன் கையில் இல்லை. 2013-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில், பெசோவாவோடு ட்ராட்டில் வேகமும் எட்டின் நீளமும் குறைந்தன. நீண்டு பாயாமல் சுருங்கி ஓடுவது எல்லாக் குதிரைக்கும் நன்மை என்று சொல்ல முடியாது. முதுகு ஏற்கெனவே தயாரான, பின்கயிற்றுக்குப் பழகிய குதிரைக்கு, முதல் சில நாள் பிட்டில் மாட்டாமலே பின்கயிற்றை மட்டும் போட்டுப் பழக்கியபின், தேர்ந்த கையில் மட்டும். கயிறு வால் அடிக்கு ஏறிவிட்டால் உதை நிச்சயம்.

உச்சி வழியே போட்டு இருபக்கமும் இழுக்கும் எலாஸ்டிக் கயிறு வாங்க மலிவு. எந்த நிலையிலும் அது தளர்வதில்லை. வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன குதிரைக்கு: முதல் இரண்டு வாரம் கேவசனும் 20 மீட்டர் வட்டமும் மட்டும், வாரத்துக்கு மூன்று நாள். தலை தானாக இறங்கத் தொடங்கிவிட்டால் சாம்போனே தேவைப்படாமல் போகலாம். இறங்காவிட்டால் சாம்போன் நான்கு வாரம், பிறகு இலேசான ரப்பர் வளைய சைடு ரெயின். ஒவ்வொரு முறை முடித்ததும் உதட்டோரத்தையும் முழங்கைக்குப் பின்னுள்ள தோலையும் விரலால் தடவிப் பாருங்கள். சூடோ சொரசொரப்போ தட்டுப்பட்டால் மறுநாள் கருவி எதுவும் பூட்ட வேண்டாம்.