‘ஆறு மாதத்தில் பி1’ என்று சொல்லும் ஜெர்மன் வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்

திருச்சியில் இயந்திரவியல் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, ஜெர்மனியில் ‘ஆவுஸ்பில்டுங்’ எனப்படும் தொழிற்பயிற்சிக்குச் செல்லும் எண்ணத்தில், ஒரு தனியார் மொழிப் பயிற்சி மையத்தில் 58,000 ரூபாயை ஒரே தவணையாகக் கட்டி ஏமாந்தவன் நான். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைத் தவிர்த்துவிட்டு வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் இதே முறையில் நீங்கள் ஏமாறக்கூடும் என்பதால், ஏமாற்று எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்; தொழிற்பயிற்சி விசாவுக்குப் பொதுவாக மூன்றாவதான பி1 நிலை தேவைப்படுகிறது. அதை ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக உரிமையாளர் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு; விடுமுறை போக மொத்தம் 72 மணி நேரம் நடந்தது. இதை 45 நிமிடப் பாடவேளைகளாக மாற்றினால் 96 வரும். பி1 நிலையை எட்ட, முன்னறிவைப் பொறுத்து 350 முதல் 650 பாடவேளைகள் வரை ஆகும் என்று ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனமே தன் தேர்வு விவரங்களில் சொல்கிறது. தொடக்க நிலையான ஏ1-க்கே 80 முதல் 200 வரை. அதாவது, ஏ1-க்கு மட்டும் ஏதோ போதும் என்று சொல்லத்தக்க நேரத்தை வைத்துக்கொண்டு மூன்று நிலைகளுக்கான பணத்தை வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பேனாவும் காகிதமும் போதும். நான் போட்டது பணம் கட்டிய எட்டாவது மாதத்தில்.

அதுவரை எனக்குச் சந்தேகம் வராமல் போனதற்குக் காரணம், ஏ1 தேர்வில் நான் வெற்றி பெற்றதுதான். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு ஆகியவற்றைச் சொல்லி நம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்பி, ஏறத்தாழ 30 சொற்களில் ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்தே ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். வகுப்பில் நடந்ததும் அதுதான். நூற்றுக்கு 60 எடுத்தால் போதும் என்ற இடத்தில் நான் 68 எடுத்தேன். “தம்பி, ஏ1 பாஸாகிவிட்டாய், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்” என்றார் உரிமையாளர். நானும் நம்பினேன்.

பாடம் நடத்தியவர் ஏ2 மட்டுமே முடித்தவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்றால் எட்டரை என்று அவர் கற்றுக்கொடுத்தார். உண்மையில் அது ஏழரை, எட்டை நோக்கிப் பாதி போயிற்று என்று பொருள். கேட்டல் தேர்வில் நேரமும் விலையும் தொலைபேசி எண்ணும் திரும்பத் திரும்ப வருவதால் இந்த ஒரு பிழையே மதிப்பெண்ணைத் தின்னும். பெயர்ச்சொற்களை, அவற்றின் பாலைக் காட்டும் ‘டேர், டி, டாஸ்’ என்ற முன்சொல்லும் பன்மை வடிவமும் இல்லாமல் வெறும் பட்டியலாக எழுதிப் போட்டார். பின்னாளில் ஏறத்தாழ ஆயிரம் சொற்களை நான் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் வேற்றுமைப் பாடத்தைப் பற்றியது. ‘ஹெல்ஃபன்’ (உதவுதல்) என்ற வினை நான்காம் வேற்றுமையைக் கேட்கும் என்பதை ஆங்கிலத்தின் வழியாக விளக்க முயன்று, முடியாமல், அதை விதிவிலக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார். தமிழில் ‘என்னை உதவு’ என்று யாராவது சொல்வார்களா? ‘எனக்கு உதவு’ என்கிறோம். ஜெர்மானியர்களும் ‘மிஷ்’ (என்னை) என்று சொல்லாமல் ‘மியர்’ (எனக்கு) என்றே சொல்கிறார்கள். எல்லா வினைகளும் இப்படிப் பொருந்தா என்றாலும், ‘ஐ’க்கும் ‘கு’வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிறந்தது முதல் அறிந்த ஒரு வகுப்புக்கு அதை ஆங்கிலத்தின் வழியே புரியாததாக்கியது பெரிய அநியாயம். ‘வைல்’ (ஏனென்றால்) என்ற இணைப்புச் சொல்லுக்குப் பிறகு வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போவதும் நமக்கு இயல்பான ஒழுங்குதான். அதையும் அவர் சொல்லவில்லை.

பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளிலும் தனித்தனியே 60 எடுக்க வேண்டும். நான் வாசித்தலில் மட்டும் 63 எடுத்தேன், கேட்டலில் 43. பேச்சுத் தேர்வில் மற்றொரு தேர்வருடன் சேர்ந்து ஒரு திட்டத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும். எதிரில் இருந்த பெண் “ஞாயிற்றுக்கிழமை ஏன் வேண்டாம்?” என்று கேட்டபோது, நான் மனப்பாடம் செய்திருந்த வரிகளில் அதற்கு விடை இல்லை.

தேர்வுக்கு முன்பே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தேர்வுக் கட்டணம் என்று தனியாக 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் பதிவே செய்யாமல் வைத்திருந்தார்கள். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் நானே இணையத்தில் பதிவு செய்து, சென்னைக்குப் போய் எழுதினேன். மையம் தன் முத்திரையுடன் கொடுத்த ‘பி1 நிறைவுச் சான்றிதழ்’ விசாவுக்குப் பயன்படாது. கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வு அமைப்புகளின் சான்றிதழே வேண்டும்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் மொத்தப் பாடவேளை எத்தனை என்பதை எழுத்தில் கேளுங்கள். ஆசிரியரின் சொந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்; குறைந்தது பி2, முடிந்தால் சி1 இருக்க வேண்டும். ஒரு நிலைக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள், தேர்வுப் பதிவை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கோத்தே நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரி வினாத்தாள்கள் ஒலிப்பதிவுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பில் சேரும் முன்பே ஏ1, பி1 இரண்டையும் இறக்கிப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனமும் ஏ1 முதல் பி1 வரையிலான காணொளிப் பாடங்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. இப்போது நான் படிப்பது அவற்றைத்தான்.

பலமுறை நேரில் போய்ச் சண்டையிட்ட பிறகு 22,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. 58,000 ரூபாய்க்கான ரசீதின் பின்புறத்தில் ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். தவறிய மூன்று பகுதிகளை மட்டும் மறுபடி எழுதலாம் என்பதால், கேட்டலில் இருந்து தொடங்கியிருக்கிறேன்.