வள்ளத்துக்கு எது: மண்ணெண்ணெய் எஞ்சினா, ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினா?

எங்கள் வள்ளத்தில் பதினோரு வருடம் ஓடிய டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சினை இறக்கிவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் மாட்டினோம். குமரி மேற்குக் கரையில் இன்னும் பலரிடம் பழைய வகைதான் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று கேட்டால், ஃபோர் ஸ்ட்ரோக்கைத்தான் சொல்வேன்.

புதியது விலை கூடுதல், எடையும் கூடுதல். சத்தமும் புகையும் குறைவு, பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. மானிய மண்ணெண்ணெய் கிடைக்கும்வரை ஓட்டுகிற செலவில் பழையது லாபம். அது தீர்ந்து வெளியே வாங்கினால் அந்த லாபம் கரைந்துவிடும். இதெல்லாம் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என்னை மாற்ற வைத்தது, எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். அணைக்கும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து, கார்புரேட்டரில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். வலை இழுக்கிற அவசரத்தில் அது தவறிப்போகும். அப்புறம் இருபது தடவை கயிறு இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. மெதுவாக ஓட்டினாலும் இதே கதைதான். பிளக்கைக் கழற்றினால் முனையில் கரி ஈரமாக அப்பியிருக்கும். சித்தப்பா அதை உப்புத்தாளில் தேய்த்து, லுங்கி நுனியில் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டுவார். ஒரு நாள் கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி, காற்று ஏறுகிற நேரத்தில், இதை மூன்று தடவை செய்தோம். மூன்றாவது தடவை அவர் கை நடுங்கியது. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

புதிய எஞ்சினில் காலம் பார்த்துக் கரையில் பிளக் மாற்றியதுண்டு. கடலில் வைத்து ஒரு தடவையும் கழற்றியதில்லை. அதற்குப் பதிலாக எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். முதலில் 20 மணி நேரம் ஓடியதும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை. தினமும் நாலு மணி நேரம் ஓடும் வள்ளத்துக்கு ஒரு மாதத்திலேயே 100 வந்துவிடும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். எஞ்சினைக் குளிரவைத்துப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் முதலில் மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திப் பாருங்கள்; உப்போ மணலோ அடைத்திருக்கும். அப்படியும் சரியாகவில்லையென்றால், அந்தத் தண்ணீரை இழுத்து ஏற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர்தான். அலைவாய்க்கரையில் ஏற்றி இறக்கும்போது மணல் புகுந்து அதன் இறக்கைகளைத் தின்றுவிடும். கியர் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் நுழைகிறது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடுங்கள்.

பழையது ஜெயிக்கிற இடமும் உண்டு. அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் மூழ்கினால், டூ ஸ்ட்ரோக்கின் பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, பெரும்பாலும் அன்றே ஓட்டிவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அடி ஆயிலோடு தண்ணீர் கலந்துவிடும். ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கழுவ வேண்டும். இஷ்டப்பட்ட பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கவும் கூடாது, அதற்கென்று குறித்த பக்கம் உண்டு. பழசாக விற்றால் என்ன கிடைக்கும், பதினோரு வருடம் தாங்குமா என்பதை என் இரண்டு வருட அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கிடக்கக் கிடக்கக் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆனி, ஆடியில் கடல் அடிக்கும்போது எங்கள் எஞ்சின் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அதற்கு முன் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டி உப்பைக் கழுவுகிறேன். கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வற்றித் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன்.