ஃபைபர் கேபிளுக்கு மண்ணுக்கடியில் எந்தக் குழாய்: பிவிசியா, எச்டிபிஇயா?

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சுமார் நூறு மீட்டருக்கு ஃபைபர் (ஒளியிழை) கேபிள் கொண்டுபோக வேண்டியிருந்தது. யோசித்து யோசித்து கடைசியில் போட்டது 40 மில்லிமீட்டர் எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) டக்ட், அதாவது கேபிள் போகும் குழாய். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கவசக் கேபிளை (உறுதியான பாதுகாப்பு உறை போட்டது) குழாயில்லாமல் நேரடியாகப் புதைப்பதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். வேலை சீக்கிரம் முடியும், சரி. ஆனால் நாளைக்குக் கூடுதல் இழைகள் வேண்டுமென்றால் மறுபடியும் தோண்ட வேண்டும்.

பிவிசி நல்ல குழாய். விறைப்பாக இருக்கும், பள்ளத்தில் நேராகப் படுக்கும், பசை தடவி ஒட்டினால் போதும். சுவரையொட்டி மேலே ஏறும் இடத்துக்கு இப்போதும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் குறிப்பிட்ட நீளமுள்ள துண்டுகளாகத்தான் வரும். 3 மீட்டர் துண்டு என்றால் நூறு மீட்டருக்கு முப்பதுக்கு மேல் இணைப்புகள். வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தாலோ, பசை உள்ளே பிதுங்கி இறுகியிருந்தாலோ, கேபிளின் உறை அங்கே உரசும்.

என்னை முடிவெடுக்க வைத்தது, கேபிளைக் குழாய்க்குள் இழுக்கும்போது அதில் ஏறும் இழுவிசையின் கணக்கு. உராய்வுக் கெழு (கேபிள் குழாயோடு எவ்வளவு உரசுகிறது என்பதைச் சொல்லும் எண்) 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு 90 பாகை வளைவைத் தாண்டும்போது இழுவிசை சுமார் 1.6 மடங்காகிறது. அடுத்த வளைவு அதை மறுபடி 1.6ஆல் பெருக்கும். மூன்று வளைவுகளில் நான்கு மடங்கைத் தாண்டிவிடும். வெளிப்புறக் கேபிள்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பே 2700 நியூட்டன் அளவில்தான். மெல்லிய கேபிள் அதையும் தாங்காது. அகன்ற வளைவு போட்டால் கேபிள் நசுங்காது, உண்மைதான். ஆனால் இந்தப் பெருக்கம் வளைவின் கோணத்தைப் பொறுத்தது, ஆரத்தைப் பொறுத்ததல்ல. ஆக, மொத்தக் கோணத்தைக் குறைக்க வேண்டும், அல்லது உராய்வைக் குறைக்க வேண்டும்.

எச்டிபிஇ இரண்டுக்கும் உதவுகிறது. சுருளாக வருவதால் நூறு மீட்டரும் ஒரே துண்டு. எல்போ (வளைவுத் துண்டு) வைத்துத் திரும்பாமல், தடையைச் சற்றே ஒதுங்கிக் கடந்துவிடலாம். உள்ளே வழுவழுப்பான சிலிக்கோன் பூச்சு இருந்து, உராய்வு 0.1க்கு இறங்கினால், அந்த மூன்று வளைவுகளும் சேர்ந்தே 1.6 மடங்குதான். பழைய கேபிளை உருவிவிட்டுப் புதிதாக இழுக்கும் நாளிலும் இந்த லாபம் அப்படியே இருக்கும்.

ஒரு தொல்லை உண்டு. சுருண்டு கிடந்த குழாய் பள்ளத்தில் பாம்புபோல நெளியும். ஒவ்வொரு நெளிவும் கோணக் கணக்கில் சேரும். சுருளைச் சுழற்றி அவிழ்த்து, பள்ளத்தின் அடியைச் சமப்படுத்தி, குழாயை இழுத்துப் பிடித்தபடி மண் மூட வேண்டும். பசையும் இதில் ஒட்டாது. இரண்டு முனைகளை இணைக்க, இறுக்கிப் பூட்டும் கப்ளர் வேண்டும்.

காற்றால் ஊதிக் கேபிளைச் செலுத்தும் முறையில் எனக்கு அனுபவம் கிடையாது; இந்தத் தூரத்துக்குக் கையால் இழுத்ததே போதுமாக இருந்தது. கனரக வண்டிகள் ஓடும் பாதையின் அடியில் எது தேவலை என்பதையும் நான் சோதித்ததில்லை.

எதை எடுத்தாலும் உள்ளே ஈரம் சேரும், அதனால் நீர் புகாத வெளிப்புறக் கேபிளே போடுங்கள். அப்புறம், முனையில் கனெக்டர் பொருத்தியே வரும் கேபிள் என்றால், குழாயின் உள்விட்டத்தைக் கேபிளின் தடிமனோடு ஒப்பிடாமல் கனெக்டர் தலையின் அகலத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.