டில்டாவா, ஈப்போக்கா? மூன்று லினக்ஸ்களின் பதிப்பெண் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் தமிழ்ப்பள்ளிக் கணினி அறைக்கென எழுத்துருவையோ விசைப்பலகையையோ சொந்தப் பொதியாக (கணினியில் நிறுவும் மென்பொருள் தொகுப்பாக) கட்டுகிறவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது பதிப்பெண்ணை. எண் பிசகினால், புதுப்பொதி களஞ்சியத்தில் இருந்தும் கணினிகள் அதை ஏறெடுத்துப் பார்க்காது.

டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்ற மூன்று லினக்ஸ் வகைகளிலும் 1.9-க்கு அடுத்துத்தான் 1.10, ரப்பர்த் தோட்டத்தில் 9-ஆம் நிரைக்குப் பின் 10-ஆம் நிரை வருகிற மாதிரி. தசமக் கணக்கு இங்கே செல்லாது. 1.05-க்குப் பிறகு 1.1 வெளியிட்டால் அது பழையது என்றே கொள்ளப்படும். 1-ஐவிட 5 பெரிது.

முன்னோட்டப் பதிப்பில்தான் வழி பிரிகிறது. 1.0ஆர்சி1 (ஆர்சி என்றால் இறுதிக்கு முந்திய பதிப்பு) என்று எழுதினால் ஆர்ச் அதை 1.0-க்குக் கீழே வைக்கும். மற்ற இரண்டும் மேலே வைக்கும், இறுதி 1.0 வந்தாலும் ஏறாது. மருந்து டில்டா என்ற ~ குறி, அது வந்தால் பதிப்பு 1.0-க்குக் கீழே இறங்கும்: 1.0~ஆர்சி1. ஃபெடோராவின் பொதிக் கருவியான ஆர்பிஎம்மின் 4.10 முதல் அங்கும் இது கிடைத்தது. அதற்குமுன் ரிலீஸ் பகுதியில் (பதிப்பெண்ணுக்குப் பின் வரும் பொதியெண்ணில்) 0.1.ஆர்சி1 என்று ஒளித்துவைத்தார்கள், பார்க்கவே குழப்பம்.

வெளியீட்டுக்குப் பிந்திய இடைநிலைப் பிரதிக்கு டெபியனில் 1.0+20240310 போதும், அது 1.0.1-க்குக் கீழேதான் நிற்கும். ஃபெடோராவில் அதையே எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே பிளஸும் புள்ளியும் வெறும் பிரிப்பான்கள், ஆகவே 20240310 என்பது 1-ஐத் தோற்கடித்துவிடும். ஆர்பிஎம் 4.15-இல் வந்த கேரட் என்ற ^ குறியைப் போடுங்கள்: 1.0^20240310.

தேதியையே பதிப்பாக வைத்துவிட்டுப் பிறகு 1.0-க்கு மாறினால் ஈப்போக் (பதிப்பெண்ணுக்கு முன்னால் கோலனுடன் வந்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஒப்பிடப்படும் எண்) தவிர வழியில்லை: 1:1.0. மூன்றிலும் உண்டு, மூன்றிலும் ஒருவழிப் பாதை. போட்ட பின் எடுக்க முடியாது. போதாததற்கு, டெபியன் கோப்புப்பெயரில் ஈப்போக் தெரியவும் தெரியாது. டெபியனிலும் ஃபெடோராவிலும் முதல் நாளே 0~20240310 என்று தொடங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 2.0 உடைந்து 1.9-க்குத் திரும்பவேண்டி வந்தாலும் டெபியன்காரர்கள் ஈப்போக்கைத் தொடாமல் 2.0+ரியலி1.9 என்றே எழுதுவார்கள். அசிங்கம்தான், ஆனால் 2.1 வந்ததும் மறைந்துவிடும்.

டெபியனின் 1.0-3 பொதியை (3 என்பது டெபியனின் திருத்த எண்) நீங்கள் பள்ளிக்காகத் திருத்தினால் 1.0-3+பள்ளி1 என்பதே சரியான வடிவம் (தட்டும்போது ஆங்கில எழுத்தில்). இப்போதுள்ளதை வெல்லும், நாளை 1.0-4 வந்தால் வழிவிடும். அனுப்புமுன் டெபியனின் பொதிக் கருவியான டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம்டெவ்-வெர்கம்ப், ஆர்ச்சில் வெர்கம்ப்.