விலை குறைந்த சுங்கான்கள்: எந்தப் பொருளில் வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்

சுங்கானுக்கு (புகையிலை அடைத்துப் புகைக்கும் பைப்) கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அதன் அழகுக்குப் போகிறது. மர ரேகை நேராக ஓடுகிறதா, மேற்பரப்பில் குழி இல்லாமல் இருக்கிறதா, செய்தவர் யார் என்பவைதான் விலையை ஏற்றுகின்றன. புகையின் தரத்தை முடிவு செய்பவை வேறு: கிண்ணத்தின் பொருள் சூட்டையும் ஈரத்தையும் எப்படித் தாங்குகிறது, காற்றுத்துளை கிண்ணத்தில் எங்கே திறக்கிறது, வாய்க்குழலின் கடிமுனை எவ்வளவு மெல்லியது. இவை மலிவான சுங்கானிலும் சரியாக அமைவதுண்டு. ஆனால் ஒவ்வொரு பொருளிலும் செய்பவர் சிக்கனம் பிடிக்கும் இடம் வேறு. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பணம் வீணாகாது.

மக்காச்சோளக் கட்டைச் சுங்கானுக்கே முதலிடம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில், மிசௌரி மீர்ஷாம் நிறுவனம் 1869 முதல் இவற்றைச் செய்துவருகிறது. மீர்ஷாம் என்பது சுங்கான் செதுக்கப் பயன்படும் ஒரு கல்; இங்கே அது நிறுவனத்தின் பெயரில் மட்டும்தான். அந்தக் கல் இதில் துளியும் இல்லை. நன்கு உலர்ந்த கட்டையைக் கடைந்து, வெளிப்புறப் பள்ளங்களை பிளாஸ்டரால் அடைத்துத் தேய்க்கிறார்கள். இந்த முறைக்கு நிறுவனர் ஹென்றி டிபே 1878இல் காப்புரிமை பெற்றார். கட்டை நுண்துளைகள் நிறைந்தது என்பதால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதல் நாளே புகை உலர்வாகவும் குளிர்ச்சியாகவும் வரும். பழக்கப்படுத்த வேண்டியதில்லை. தொடக்கத்தில் லேசான சோள இனிப்பு தெரியும், சில முறைக்குப் பின் போய்விடும்.

சிக்கனம் இருப்பது தண்டில். மரத் தண்டைக் கட்டைக்குள் செருகி ஒட்டியிருப்பார்கள்; பல மாடல்களில் அதன் முனை கிண்ணத்துக்குள் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாக இழுத்தால் முதலில் கருகுவது அந்த முனைதான். புகை திடீரெனக் கசப்பதற்கு அதுவே காரணம். அதற்குக் கீழே கிடக்கும் புகையிலையும் எரியாமல் ஈரச்சக்கையாகத் தங்கிவிடும். இதற்குச் சாம்பல் சாந்து நல்ல தீர்வு. சுருட்டுச் சாம்பலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழையுங்கள். துளை அடைபடாமல் இருக்க வாய்க்குழல் வழியாக ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய வளையும் கம்பி) கிண்ணம் வரை நுழைத்து வையுங்கள். பிறகு சாந்தை அடியில் பரப்பி, துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்பி, ஒரு முழு நாள் உலரவிட்டு கிளீனரை உருவுங்கள். அடித்தளம் துளையின் மட்டத்துக்கு உயர்ந்துவிடும், தண்டு முனையும் நெருப்பிலிருந்து தப்பும்.

அதே நிறுவனத்தின் கன்ட்ரி ஜென்டில்மேன் மாடலில் அடிப்பாகத்தில் கடினமரத் துண்டு அடைத்திருக்கும். லெஜண்ட் மாடலில் அது கிடையாது, அடியில் சோளக் கட்டையின் மென்மையான நடுப்பகுதிதான். கொஞ்சம் கூடக் கொடுத்து கன்ட்ரி ஜென்டில்மேன் வாங்குவதே நல்லது. அடியில் ஓட்டை விழும் பயம் குறையும். இரண்டிலும் வாய்க்குழல் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். விளிம்பில் பிசிறு இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் சரியாகும். உடன் வரும் 6 மி.மீ. காகித வடிகட்டி இல்லாமல் புகைத்தால் அந்த வெற்றிடத்தில் நீர் தேங்கிக் களகளக்கும். பாதியில் ஒருமுறை பைப் கிளீனர் விட்டு எடுத்தால் போதும். கரியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், சுவர் பிய்ந்து வரும். மடித்த காகிதத்தால் துடைப்பதே சரி.

வடிகட்டி வைத்தாலும் எந்தப் பொருளில் புகைத்தாலும் நிக்கோட்டின் அடிமைத்தனமும் வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் அபாயமும் அப்படியே இருக்கின்றன. இங்கே பொருட்களை ஒப்பிடுவது சுவைக்கும் பயன்பாட்டுக்கும் மட்டும். புகைக்காதவர் தொடங்க இது காரணமாக வேண்டாம்.

பிரையர் என்பது மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின், வேருக்கும் தண்டுக்கும் இடையே பருத்த கணு. சாறு போகப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகிறார்கள். மரங்களில் சூட்டைத் தாங்குவதில் இதற்கு நிகர் இல்லை. மலிவான பிரையரில் இயற்கையான குழிகளைப் பசை வைத்து அடைத்து, அடர்நிறச் சாயத்தில் மறைத்திருப்பார்கள். வெளிப்புறப் பசையால் புகைக்குக் கெடுதல் இல்லை. நாளடைவில் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது தடித்த வார்னிஷைப் பற்றி. சூட்டில் கொப்புளித்து உரியும்.

குறைந்த விலையில் நல்ல பிரையர் வேண்டுமென்றால் சொரசொரப்பாகச் செதுக்கிய மேற்பரப்பு உள்ளதைத் தேடுங்கள். குழியிருந்த மரத்தைத்தான் அப்படிச் செதுக்குகிறார்கள். துளையிடுவது அதே இயந்திரம், மரமும் அதே மரம். இத்தாலிய நிறுவனமான சாவினெல்லியின் ரோஸி வரிசையும், பிரான்ஸின் சேன்-க்ளோடில் செய்யப்படும் ஷாகோமின் எளிய மாடல்களும், அமெரிக்காவின் டாக்டர் கிராபோவும் இந்த வகையில் நம்பி வாங்கக்கூடியவை.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: வாய்க்குழலைக் கழற்றாமல் பைப் கிளீனரை நுழையுங்கள். தடையில்லாமல் போய்க் கிண்ணத்தின் அடியில், நடுவில் தலைகாட்ட வேண்டும். துளை அடியிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் இருந்தாலே கடைசிப் புகையிலை நனைந்து வீணாகும். நன்றாக வளைந்த வடிவங்களில் கிளீனர் நடுவழியில் முட்டுவது சகஜம். மலிவில் வாங்குபவர் நேரான பில்லியர்ட் (உருளைக் கிண்ணமும் நேர்தண்டும் உள்ள) வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவரின் தடிமன் 6 மி.மீ.க்குக் குறைந்தால் கை சுடும்.

புதுப் பிரையரை முதல் சில தடவை மூன்றில் ஒரு பங்கும் பிறகு பாதியும் நிரப்பி, அடிவரை எரித்து முடியுங்கள். உள்ளே கரிப்படலம் 1 மி.மீ. அளவுக்கு ஏறும்வரை நிதானம் தேவை. 1.5 மி.மீ. தாண்டினால் ரீமரால் (கரியைச் சுரண்டும் கருவி) குறையுங்கள், இல்லையென்றால் கரி சூட்டில் விரிந்து மரத்தைப் பிளக்கும். புகைத்த சூட்டோடு வாய்க்குழலைத் திருகிக் கழற்றுவதுதான் தண்டில் விரிசல் விழ முதல் காரணம். ஆறிய பிறகே கழற்ற வேண்டும். பிறகு ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள்.

பேரிமரச் சுங்கான்கள் போலந்தின் ப்ஷெமிசலில் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. எடை குறைவு, வடிவங்கள் அழகு, ஆனால் பிரையரைவிட மென்மையான மரம். மெதுவாக இழுப்பவரிடம் நீடிக்கும், அவசரக்காரரிடம் கருகும்.

களிமண் சுங்கானுக்குத் தகுதிக்கேற்ற மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் கௌடா நகரம் இதற்குப் பேர்பெற்றது. புகையிலையின் சுவையில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் தரும். லட்டாக்கியா (புகையூட்டிப் பதப்படுத்திய புகையிலை) போன்றவற்றின் அழுத்தமான வாசம் மரத்தில் ஊறிக்கொண்டு அடுத்த புகையிலையையும் கெடுக்கும். களிமண்ணில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே புதுக் கலவையைச் சோதிக்க இதுவே ஏற்றது. கிண்ணம் தொடமுடியாத அளவு சுடும், தண்டைப் பிடித்துத்தான் புகைக்க வேண்டும். மெருகிடாத முனை உதட்டில் ஒட்டித் தோலை உரிக்கும். முனையில் தேன்மெழுகு தடவினால் ஒட்டாது. கறை ஏறிய களிமண்ணைத் தணலில் வைத்துச் சுட்டால் மீண்டும் வெளுக்கும். சூடாக்குவதையும் ஆறவிடுவதையும் மெதுவாகச் செய்யாவிட்டால் விரிசல் விடும். சாம்பலைத் தட்டிக் கொட்டவே கூடாது.

மீர்ஷாம், செபியோலைட் என்னும் மெக்னீசியம் சிலிகேட் கனிமம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கிறார்கள். மலிவில் கிடைப்பவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செதுக்கல் இல்லாத சிறிய முழுக்கல் சுங்கான். இது நியாயமான பொருள். மற்றொன்று கல்தூளைப் பிசினில் அழுத்திச் செய்தது. அது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, பழுப்பேறும் அழகும் அதில் வராது. இந்தக் கல்லில் கரி ஏறவே விடக்கூடாது, ஒவ்வொரு முறையும் உள்ளே துடைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது கிண்ணத்தைத் தொட்டால் மேல்மெழுகில் விரல்தடம் பதியும்.

அலுமினியத் தண்டுள்ள ஃபால்கன் இவற்றில் தனி ரகம். கிண்ணம் மரையில் திருகிப் பொருந்தும், கீழேயுள்ள குழியில் நீர் சேரும். கிண்ணத்தை மட்டும் மாற்றலாம் என்பதால் ஒரு தண்டுக்கு இரண்டு மூன்று கிண்ணங்கள் வாங்குவது சிக்கனமானது. மரையில் தார் ஒட்டினால் அடுத்த முறை கழற்ற முடியாது. ஆறியதும் கழற்றி, சாராயம் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். இதே சாராயம் அக்ரிலிக் வாய்க்குழலில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும், அதற்குச் சோப்பு நீர்தான் ஏற்றது. பல்லுக்கு இதமான எபொனைட் (கடின ரப்பர்) வாய்க்குழல் வெயில் பட்டால் பச்சைப்பழுப்பாகிக் கந்தக வாடை வீசும், இருட்டில் வைக்க வேண்டும்.

எந்த மரம் என்றே சொல்லாமல், உட்சுவருக்குக் கறுப்புச் சாயமோ பளபளக்கும் பூச்சோ தடவி விற்கும் சுங்கான்களை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். அந்தப் பூச்சு எரிந்து நேராக வாய்க்குத்தான் வரும். உட்சுவரில் மேலோட்டமான ஓர் உலோக வளையம் பொருத்தியவையும் அப்படியே: வளையத்துக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் புகுந்து, துடைக்க வழியில்லாமல் புளித்த வாடை நிரந்தரமாகிவிடும்.